இரண்டாம் கட்டத்தில் இட்ட குறி

2018 நவம்பர் 30, வெள்ளிக்கிழமை. நான் எழுதிய சிபாரிசுக் கடிதத்துக்குப் பத்துக்கு மூன்று புள்ளி நான்கு மதிப்பெண் போடப்பட்டிருப்பதாக அன்று பிற்பகல் எனக்குத் தொலைபேசியில் தெரிவிக்கப்பட்டது. முப்பத்தாறு ஆண்டுகள் பிள்ளைகளின் கட்டுரைகளுக்கு மதிப்பெண் போட்டவன் நான். குறைந்த மதிப்பெண்ணைக் கண்டு அஞ்சுபவன் அல்லன். ஆனால், படிக்காமலே போடப்பட்ட மதிப்பெண்ணை என்னால் பொறுத்துக்கொள்ள இயலாது. என் கடிதத்துக்குப் போடப்பட்டது அத்தகைய மதிப்பெண்.

கடிதம் டெல்பினா ரோகாவைப் பற்றியது. எங்கள் ஊரான எல்க்ஸ்டனில் சர்க்கரை ஆலையின் கொதிகலன் பகுதியில் வேலை பார்க்கும் இசித்ரோ ரோகாவின் மகள் அவர். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் என்னிடம் ஆங்கிலம் படித்தார். ராணுவக் கல்லூரியில் சேர்ந்து அதிகாரி ஆக வேண்டும் என்பது பன்னிரண்டு வயது முதல் அவர் வைத்திருந்த ஒரே எண்ணம். மதிப்பெண் நன்றாக இருந்தாலும், ஓட்டத்தில் முதலாவதாக வந்தாலும், அந்தக் கல்லூரியின் கதவு தானாகத் திறப்பதில்லை. வாஷிங்டனில் எங்கள் தொகுதிக்காக அமர்ந்திருக்கும் பிரதிநிதி, விண்ணப்பித்தவரின் பெயரைக் கல்லூரிக்குப் பரிந்துரைத்து அனுப்ப வேண்டும். பிரதிநிதிக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. ஆகவே, உள்ளூர்ப் பெரியவர்கள் ஐவர் கொண்ட குழுவொன்று கோப்புகளைப் படித்து மதிப்பெண் போடும். அந்த ஆண்டு விண்ணப்பித்தவர்கள் முப்பத்தொருவர். நேர்காணலுக்கு அழைக்கப்படுபவர்கள் பதின்மர்.

ஒவ்வொரு கோப்பிலும் மூன்று கடிதங்கள் இருக்கும். கணக்காசிரியர் ஒன்று, ஆங்கில ஆசிரியர் ஒன்று, விளையாட்டுப் பயிற்சியாளர் ஒன்று. கடிதத்தின் தலைப்பில் ஐந்து கட்டங்கள் அச்சிடப்பட்டிருக்கும். 'உமது பாடத்தில் இம்மாணவர் எத்தகையவர்?' என்பது கேள்வி. முதல் கட்டம், நூற்றில் ஒருவர். இரண்டாம் கட்டம், இருபதில் ஒருவர். மூன்றாவது, நான்கில் ஒருவர். அதற்குக் கீழே உள்ள இரண்டிலும் குறியிட்டுக் கடிதம் அனுப்புகிற ஆசிரியர் எவரும் இல்லை.

எங்கள் பள்ளியில் ஓர் ஆண்டில் படித்து வெளியேறுபவர்கள் நாற்பதுக்கு மேல் போனதில்லை. நூற்றில் ஒருவர் எங்களுக்கு இரண்டரை ஆண்டுகளுக்கு ஒரு முறை கிடைத்தால் அது நியாயம். எங்கள் பயிற்சியாளர் பிராண்டுக்கு ஆண்டுக்கு நால்வரோ ஐவரோ கிடைத்துவந்தனர். பிராண்ட் நல்ல மனிதர். பிள்ளைகளிடத்தில் உண்மையான அன்பு உள்ளவர். அன்புக்கும் எண்ணிக்கைக்கும் அவர் தொடர்பு வைத்துக்கொள்வதில்லை.

டெல்பினாவுக்கு நான் இரண்டாம் கட்டத்தில் குறியிட்டேன். அவர் தெளிவாக எழுதுவார். அவரைவிடத் தெளிவாக எழுதியவர்கள் சிலர் என் வகுப்பில் இருந்திருக்கின்றனர். கட்டம் என் பாடத்தைப் பற்றிக் கேட்டது. என் பாடத்தைப் பற்றி உண்மையைச் சொன்னேன். கட்டம் கேட்காத ஒன்றும் இருந்தது. அதைக் கடிதத்தில் எழுதினேன்.

தொலைபேசியில் அழைத்தவர் பிரதிநிதியின் உள்ளூர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ட்ரூடி என்னும் பெண்.

"மிஸ்டர் டெஸ்டால், ஒரு நிமிஷம் பேசலாமா?"

"ரிட்டையர் ஆனவனுக்கு நிமிஷத்துக்கா பஞ்சம்? சொல்லுங்க."

"டெல்பினா ரோகா கோப்புல உங்க லெட்டர் மட்டும் மத்ததோட ஒத்துப்போகல சார். கணக்கு டீச்சருக்கு ஒம்பதரை போட்டிருக்காங்க, கோச்சுக்கு ஒம்பதரை. உங்களுக்கு மூணு புள்ளி நாலு. அவ பதினொண்ணாவது எடத்துல நிக்கறா. உங்க லெட்டரால மட்டும்தான்."

"பதினொண்ணுன்னா?"

"நாளைக்குப் பத்து பேருக்குத்தான் இன்டர்வியூ. அவள வெளில வந்து உக்காரச் சொல்லியிருக்கோம். யாராவது வரலன்னா கூப்பிடுவாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "கமிட்டில ஒரு விதி இருக்கு சார். ஒரு லெட்டர் மட்டும் ரொம்பக் கொறஞ்சிருந்தா எழுதினவங்களயே கூப்பிட்டுக் கேக்கலாம். காலைல எட்டரைக்கு வரீங்களா? இல்லன்னா இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள வேற லெட்டர் ஒண்ணு அனுப்பிடுங்க. பாதிப் பேரு அப்படித்தான் பண்றாங்க. வேணும்னா நானே ரெண்டு மூணு மாதிரி அனுப்பறேன்."

"எதுக்கு மாதிரி?"

"எப்படி எழுதணும்னு தெரிஞ்சுக்க..."

மறுமுனையில் அவரே நிறுத்திக்கொண்டார்.

"அம்மா," என்றேன், "நான் முப்பத்தாறு வருஷமா அதத்தான் சொல்லிக்குடுத்தேன்."

"தெரியும் சார். எங்க அக்கா உங்க கிளாஸ்தான். இன்னிக்கும் உங்க பேரச் சொன்னா நிமிந்து உக்காருவா."

"அப்ப எட்டரைக்கு வரேன்."

மறுநாள் காலை அறுபத்திரண்டு மைல் ஓட்டிச் சென்றேன். இரவெல்லாம் பெய்த பனியைச் சாலையிலிருந்து தள்ளியிருந்தனர். ஆலைக்குப் பீட்ரூட் ஏற்றிச் செல்லும் லாரிகள் எதிரே வரிசையாக வந்துகொண்டிருந்தன. நேர்காணல், மாவட்ட நீதிமன்றக் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் நடைபெற்றது. நடைகூடத்தில் சுவரோரமாகப் பதினொரு நாற்காலிகள் போட்டிருந்தனர். பத்தாம் நாற்காலிக்கும் பதினோராம் நாற்காலிக்கும் இடையே ஓர் ஆள் நடக்குமளவு இடைவெளி விட்டிருந்தனர். அந்த இடைவெளியை யார் விட்டனர் என்பதை நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும்.

பதினோராம் நாற்காலியில் டெல்பினா நிமிர்ந்து அமர்ந்திருந்தார். அவர் அணிந்திருந்த கறுப்புக் கோட்டு அக்காவினுடையது. அதன் கை மணிக்கட்டுக்குச் சற்று மேலேயே முடிந்துபோயிருந்தது. அருகில் ஆலையின் மேல்சட்டையோடு இசித்ரோ நின்றிருந்தார். ஆலை இரவும் பகலும் ஓடுகிற பருவத்தில், அந்தக் காலை நேரத்துக்காக வேறொருவரின் இரண்டு ஷிப்டுகளைத் தாம் ஏற்றுக்கொண்டு அவர் வந்திருந்தார்.

"வாங்க சார், டோனட் எடுத்துக்குங்க. அங்க பெட்டில வெச்சிருக்காங்க. சர்க்கரை ஆலைக்காரன் நானே மூணு தின்னுட்டேன், நம்ம சரக்குதானேன்னு."

"வேண்டாம், இசித்ரோ. எல்லாரும் வந்தாச்சா?"

"பத்தும் வந்தாச்சு. ரெண்டு தடவ எண்ணிட்டேன். ரோடெல்லாம் பனி, ஒருத்தனாவது வழில மாட்டிக்கணும்னு வேண்டிக்கிட்டேதான் வந்தேன்."

"அப்பா!" என்றார் டெல்பினா.

"என்ன மிஹா? மாட்டிக்கணும்னுதானே சொன்னேன். அடிபடணும்னா சொன்னேன்? சூடா காப்பி குடிச்சிக்கிட்டு ஓரமா நிக்கட்டுமே." ஸ்பானிய மொழியில் 'மிஹா' என்றால் மகளே என்று பொருள்.

முதல் நாற்காலியில் அமர்ந்திருந்த வங்கி மேலாளரின் மகன் சிரித்துவிட்டான். டெல்பினா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க எதுக்கு வந்திருக்கீங்க?"

"கூப்பிட்டாங்க."

"தப்பு எம்மேலயா, உங்க மேலயா?"

"அதத்தான் நானும் உள்ள போய்க் கேக்கப்போறேன்."

கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறேன் என்பதை மாணவரிடம் சொல்லக்கூடாது என்பது விதி. ஆகவே அவரிடம் அதற்கு மேல் நான் எதுவும் பேசவில்லை. ட்ரூடி கதவைத் திறந்தார்.

உள்ளே நீண்ட மேசைக்குப் பின்னால் ஐவர் அமர்ந்திருந்தனர். நடுவில் இருந்தவர் கர்னல் ஹாலிஸ். குழுவின் தலைவர், பீரங்கிப் படையில் முப்பது ஆண்டுகள் இருந்தவர். அவருக்கு வலப்புறம் பல் மருத்துவர் ஓபர்மையர் அம்மையார். இடப்புறக் கோடியில், காதுகேட்கும் கருவி பொருத்திய சார்ஜென்ட் கூம்ஸ். ஏனைய இருவரும் அன்று முழுவதும் தலையாட்டியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. ஆதலால் அவர்களின் பெயர்களை நான் குறித்துக்கொள்ளவில்லை.

கர்னலின் முன்னால் என் கடிதம் கிடந்தது. ஒன்றரைப் பக்கக் கடிதத்தில் இரண்டே இரண்டு வரிகள் மஞ்சள் மையால் அடிக்கோடிடப்பட்டிருந்தன. மற்ற வரிகள், நான் அச்சிட்டு அனுப்பிய நாளில் இருந்த வெண்மை மாறாமல் இருந்தன.

"உக்காருங்க மிஸ்டர் டெஸ்டால். தப்பா எடுத்துக்காதீங்க. முப்பத்தொரு கோப்பு, தொண்ணூத்து மூணு லெட்டர். எல்லாத்துலயும் ஒரே பாட்டுதான், இந்த மாதிரி புள்ள பொறந்ததே இல்லன்னு. அப்படியே நம்பினா முப்பத்தொரு பேரும் ஜெனரல் ஆகணும். அதனால நாங்க படிக்கற விதமே வேற. மொதல்ல கட்டத்தப் பாப்போம். அப்புறம் கடைசி வரி. அப்புறம் நடுவுல எங்க முள்ளு இருக்குன்னு தேடுவோம். எழுதறவர் நேரா சொல்ல மாட்டார், ஆனா எங்கயாவது ஒரு எடத்துல உண்மைய ஒளிச்சு வெச்சிருப்பார். அது கெடச்சா போதும்."

"என் லெட்டர்ல கெடச்சுதா?"

"ரெண்டு கெடச்சுது." அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். "'கடந்த பிப்ரவரியில் இவர் பெரிய தவறொன்றைச் செய்தார்.' இது ஒண்ணு. அப்புறம் இந்தப் பக்கம்: 'நான் சொன்னதை இவர் கேட்கவில்லை.' ராணுவத்துக்குப் போகணும்ங்கற பொண்ணு. சொன்ன பேச்சு கேக்கலன்னு வாத்தியாரே கையெழுத்துப் போட்டுக் குடுக்கறார். நாங்க என்ன பண்ணட்டும்?"

"அடுத்த வரியப் படிச்சிருக்கலாம்."

ஓபர்மையர் அம்மையார் முன்னால் சாய்ந்தார். "சார், உங்களுக்கு அந்தப் பொண்ணப் புடிக்கலன்னா சொல்லிடுங்க. எங்களுக்குப் புரியும். இங்கேருந்து வெளில போகாது."

"புடிக்கலன்னா நான் ஒன்றரைப் பக்கம் எழுத மாட்டேன், டாக்டர். ரெண்டு வரில முடிச்சிருப்பேன்."

கர்னல் ஒரு தாளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார். குறியிடப்படாத புதிய படிவம் அது.

"இங்க பாருங்க. எங்களுக்கும் அந்தப் பொண்ணு வேணும்தான். ஓட்டம், மார்க், எல்லாம் நல்லா இருக்கு. நீங்க இந்தக் குறிய மொதல் கட்டத்துல போடுங்க. அந்த ரெண்டு வரிய எடுத்துடுங்க. ட்ரூடி பத்து நிமிஷத்துல அச்சடிச்சுக் குடுப்பா, கையெழுத்துப் போடுங்க. பொண்ணு உள்ள வந்துடுவா. யாருக்கும் நஷ்டம் இல்ல."

நான் பேனாவைக் கையில் எடுத்தேன். எடுக்கவில்லை என்று எழுதினால் அது பொய்யாகும். கதவின் மேற்பாதி கண்ணாடியால் ஆனது. அதற்கு அப்பால் கட்டைக் கையுள்ள கறுப்புக் கோட்டும், அதனருகில் ஆலையின் மேல்சட்டையும் தெரிந்தன. நான் இட வேண்டியது ஒரு குறி. நீக்க வேண்டியவை இரண்டு வரிகள். என் நேர்மைக்கு அந்தப் பெண்ணின் வாழ்க்கையை விலையாகக் கொடுப்பதற்கு எனக்கு என்ன உரிமை என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால், அந்த இரண்டு வரிகளை நீக்கிவிட்டால் எஞ்சும் கடிதத்தில் டெல்பினா இருக்க மாட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. பிப்ரவரியில் நான் அவரிடம் சொன்ன தவறான அறிவுரையை டிசம்பரில் நானே பின்பற்றியவன் ஆவேன் என்பதும் தெரிந்தது. பேனாவை வைத்தேன்.

"மாத்த மாட்டேன், கர்னல். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இத முழுசாப் படிச்சவங்க யாரு?"

நால்வர் தங்கள் தாள்களைப் புரட்டத் தொடங்கினர். அந்தப் புரட்டலை நான் நன்கு அறிவேன். வீட்டுப்பாடம் செய்யாத வகுப்பின் புரட்டல் அது. பின்பு இடப்புறக் கோடியில் ஒரு கை எழுந்தது.

"நான் படிச்சேன் வாத்தியாரே," என்றார் சார்ஜென்ட் கூம்ஸ். "ஒம்பது போட்டேன்."

கர்னல் திரும்பினார். "கூம்ஸ், நாங்க நாலு பேரும் ரெண்டு போட்டிருக்கோம். உங்க ஒம்பது கை தவறி விழுந்ததுன்னு நெனைச்சேன்."

"என் கை தவறாது கர்னல். காதுதான் தவறும்."

"நேத்தே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். நீங்க அடுத்த கோப்புக்குப் போயிட்டீங்க. இருபத்தாறு வருஷம் ஆபீசருங்க எழுதினதக் கடைசி வரைக்கும் படிச்சுத்தான் நான் உசுரோட திரும்பி வந்தேன். மேல ரெண்டு வரி பாத்துட்டுக் கெளம்பினவனுங்கள நான்தான் தூக்கிட்டு வந்தேன். இப்ப நீங்களே சத்தமாப் படிங்க. எனக்கும் கேக்கறாப்ல."

கர்னலின் முகம் சிவந்தது. எழுந்து போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் செய்யவில்லை. கடிதத்தைக் கையில் எடுத்து, முதல் எழுத்திலிருந்து, அணிவகுப்பில் ஆணை படிப்பவரைப் போல நிறுத்தி நிறுத்திப் படித்தார். அவர் படித்ததை இங்கே தருகிறேன்.

'கடந்த பிப்ரவரியில் இவர் பெரிய தவறொன்றைச் செய்தார். மாவட்டப் பேச்சுப் போட்டி எங்கள் பள்ளியில் நடைபெற்றது. நடுவர்களின் தாள்களைக் கூட்டும் பொறுப்பு இவருடையது. முதலிடத்துக்கு ஒன்று, இரண்டாமிடத்துக்கு இரண்டு என எண்களிட்டு, கூட்டுத்தொகை மிகக் குறைந்த பள்ளிக்குக் கோப்பை வழங்குவது வழக்கம். எங்கள் பள்ளிக்குரிய தாளொன்று கூட்டலில் விடுபட்டது. தாள் விடுபட்டதால் தொகை குறைந்தது. தொகை குறைந்ததால் நாங்கள் வென்றோம். ஒன்பது ஆண்டுகளாக வெறுமையாய் இருந்த எங்கள் அலமாரிக்கு ஒரு கோப்பை வந்தது.

'மறுநாள் ஞாயிறு. ஒருவரும் கேட்காமலே இவர் தாள்களை மீண்டும் கூட்டிப் பார்த்தார். தவற்றைக் கண்டார். எனக்குத் தொலைபேசி செய்தார். அறிவித்த முடிவை ஒரே நாளில் மாற்ற இயலாது, திங்களன்று தலைமையாசிரியரோடு பேசி முடிவு செய்வோம், அதுவரை எவரிடமும் சொல்ல வேண்டாம் என்று கூறினேன். திங்களன்று நான் பேசியிருப்பேனா என்பது எனக்கே உறுதியில்லை.

'நான் சொன்னதை இவர் கேட்கவில்லை. தாள்களையும் கோப்பையையும் எடுத்துக்கொண்டு, தம் தந்தையோடு எழுபது மைல் பயணம் செய்து, உண்மையில் வென்ற கார்னெட் நகரப் பள்ளிப் பயிற்சியாளரின் வீட்டுக் கதவை அன்றே தட்டி, தவறு தம்முடையது என்று சொல்லிக் கோப்பையைக் கொடுத்தார். பின்பு எனக்குத் தொலைபேசி செய்து, தாம் செய்ததைத் தெரிவித்தார். என் அனுமதியைக் கேட்கவில்லை. திங்களன்று பள்ளி முழுவதும் இவரோடு பேச மறுத்தது. இவர் வழக்கம்போல் வகுப்புக்கு வந்தார்.

'என் பாடத்தில் இவர் இருபதில் ஒருவர். இவர் காட்டிய துணிவுக்கு இப்படிவத்தில் கட்டம் இல்லை. அவ்வாறொரு கட்டம் இருந்து, என்னையும் இவரையும் அதில் வரிசைப்படுத்தச் சொன்னால், இவருக்குக் கீழே என் பெயரை எழுதுவேன்.'

கர்னல் கடிதத்தை மேசைமீது வைத்தார். வைத்த பின்னும் அதன்மீதிருந்து கையை எடுக்கவில்லை.

"காத்திருன்னு ஏன் சொன்னீங்க?" என்று கேட்டார். கேள்வியில் இப்போது விசாரணை இல்லை.

"கோப்பை வேணும்னுதான். வேற என்ன?"

"அத இதுல எழுத வேண்டிய அவசியமே இல்லையே. உங்க பேருக்குத்தானே இழுக்கு."

"எழுதலன்னா அவ என்ன பண்ணினாங்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்? வாத்தியார் சொல்லிக் கொண்டுபோய்க் குடுத்தான்னு நெனைச்சிருப்பீங்க. நல்ல பேரு எனக்கு வந்திருக்கும்."

ஓபர்மையர் அம்மையார் கேட்டார்: "சரி சார், இவ்வளவு நல்ல பொண்ணுக்கு ரெண்டாவது கட்டமா?"

"ராணுவக் கல்லூரிக்கு இதுவரைக்கும் இருபத்தொம்பது பேருக்கு எழுதியிருக்கேன். மொதல் கட்டம் ரெண்டு பேருக்கு. ரெண்டாவது கட்டம், இவளையும் சேத்து ஏழு பேருக்கு. மிச்சம் இருபது பேருக்கும் மூணாவதுதான். ஆபீஸ்ல பழைய கோப்பு இருக்கும். பாத்துக்குங்க."

"ட்ரூடி," என்றார் கர்னல், "அதப் பாரும்மா. அப்படியே அந்தக் கோச் பிராண்ட் இதுவரைக்கும் எத்தனை பேருக்கு மொதல் கட்டம் போட்டிருக்கார்னும் பாரு."

ட்ரூடி கணினியில் தேடினார். என் எண்கள் சரியாக இருந்தன. பிராண்டின் எண்களைச் சொல்வதற்கு முன்பு அவர் ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாலு வருஷத்துல பத்தொம்பது பேர் சார். அவர் எழுதினதே பத்தொம்பது லெட்டர்தான்."

சார்ஜென்ட் கூம்ஸ் மேசையைத் தட்டிச் சிரித்தார். "பத்தொம்பதுல பத்தொம்பது பேரும் நூத்துல ஒருத்தரா! அந்த ஊர்த் தண்ணிய எனக்கும் ரெண்டு பாட்டில் அனுப்பச் சொல்லுங்க வாத்தியாரே."

கர்னல் சிரிக்கவில்லை. தம் மதிப்பெண் தாளை எடுத்து, இரண்டு என்னும் எண்ணை அடித்துவிட்டு, புதிய எண்ணொன்றை எழுதினார். என்ன எண் என்று எனக்குக் காட்டவில்லை. நானும் எட்டிப் பார்க்கவில்லை. தாள் மேசை முழுவதும் சுற்றிவந்தது. பல் மருத்துவர் எழுதுவதற்கு முன் என் கடிதத்தை வாங்கித் தாமே ஒரு முறை படித்தார். அந்த இருவரும் தலையாட்டியபடி எழுதினர். கூம்ஸ் மட்டும் எழுதவில்லை. அவருக்குத் திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

"இப்ப அவ பத்துக்குள்ள வந்துட்டா," என்றார் ட்ரூடி கூட்டிப் பார்த்துவிட்டு. "அப்ப கடைசியா இருக்கற பையன்..."

"யாரையும் வெளில அனுப்ப வேண்டாம்," என்றார் கர்னல். "வந்தவன் உக்காந்திருக்கட்டும். பதினோரு பேரையும் பாத்துடுவோம். மதியச் சாப்பாடு கெடையாது."

"நமக்குமா?" என்றார் கூம்ஸ்.

"நமக்குத்தான்."

கர்னல் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்று சொல்லி அதை நான் தள்ளிவிடவில்லை. உரியது என்று பெற்றுக்கொண்டேன். 'எங்கள் வேலை கடினமானது. நேரம் குறைவு' என்றும் அவர் சொன்னார். அதைப் பெற்றுக்கொள்ளவில்லை.

நான் நடைகூடத்துக்கு வந்தபோது இசித்ரோ எழுந்து நின்றார். என் முகத்தில் எதையோ படிக்க முயன்றார். விதியை மீற எனக்கு மனமில்லை. அவர் அருகிலேயே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன். ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தனர். பத்தாம் பையன் வெளியே வந்ததும், மற்றவர்கள் கோட்டுகளை மாட்டிக்கொண்டிருந்தபோது, கதவில் ட்ரூடியின் தலை தெரிந்தது.

"டெல்பினா ரோகா."

அவர் எழுந்தார். கோட்டின் கையை ஒரு முறை கீழே இழுத்துப் பார்த்தார். அது இறங்கவில்லை. அப்படியே உள்ளே சென்றார்.

இசித்ரோ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "கூப்பிட்டுட்டாங்க சார்! யாரும் மாட்டிக்கவே இல்லையே! பத்தும் வந்திருந்ததே!"

இருபத்தைந்து நிமிடங்கள் கழிந்தன. கதவின் கண்ணாடி வழியாக நான் டெல்பினாவின் முதுகை மட்டுமே கண்டேன். அது ஒரு முறையும் நாற்காலியில் சாயவில்லை. இரு முறை கூம்ஸின் சிரிப்பு வெளியே கேட்டது. டெல்பினா திரும்பி வந்தபோது தந்தையால் காத்திருக்க முடியவில்லை.

"என்ன மிஹா கேட்டாங்க?"

"நெறைய கேட்டாங்கப்பா. கடைசில அந்தக் கர்னல் ஒண்ணு கேட்டார். வாத்தியார் காத்திருன்னு சொல்லியும் நீ ஏன் கேக்கலன்னு."

"நீ என்ன சொன்ன?"

"அவர் சொன்னது தப்புன்னு சொன்னேன்."

இசித்ரோ கண்ணால் என்னைக் காட்டினார். "அவர் இங்கதான் நிக்கறார் மிஹா!"

"தெரியும்பா. அவருக்கும் தெரியும்." பின்பு என் பக்கம் திரும்பினார். "தப்புன்னா சொல்லுங்க சார்."

நான் முப்பத்தாறு ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான விடைகளைத் திருத்தியிருக்கிறேன். என்னைப் பற்றி என் எதிரிலேயே சொல்லப்பட்ட இந்த விடையில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

"சரியான பதில்," என்றேன். டோனட் பெட்டியில் மிஞ்சியிருந்ததை எடுத்துத் தின்றேன்.

டெல்பினாவின் பெயர் கிறிஸ்துமசுக்கு முந்தைய வாரம் கல்லூரிக்கு அனுப்பப்பட்டது. மார்ச் மாதத்தில் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. ஜூன் மாத இறுதியில் இசித்ரோவின் பழைய காரில் அவர் கிழக்கே புறப்பட்டார். அடுத்த மாதம் தலைமுடியைக் கழுத்துவரை வெட்டிக்கொண்டு சாம்பல் நிறச் சீருடையில் எடுத்துக்கொண்ட படமொன்றை எனக்கு அனுப்பினார். நான்காண்டு முடிந்து இப்போது அவர் லெப்டினன்ட். ஆலையின் கொதிகலன் பகுதியில் அவர் படத்தை மாட்டியிருக்கிறார்கள். எழுபது மைல் தள்ளியுள்ள கார்னெட் நகரப் பள்ளி தன் கோப்பை அலமாரியில் அதே படத்தை மாட்டியிருக்கிறது. எங்கள் பள்ளியில் இன்னும் மாட்டவில்லை. அதைப் பற்றித் தலைமையாசிரியருக்குத் தனியே எழுதியிருக்கிறேன்.

டெல்பினாவுக்கு ஒரு கூம்ஸ் இருந்தார். அந்தக் குழு அதற்கு முன் படித்த ஆண்டுகளில், மஞ்சள் அடிக்கோட்டோடு நின்றுபோன பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை எவரும் கணக்கெடுக்கவில்லை. இனி எடுக்கவும் இயலாது.

ஓர் இளையவரைப் பற்றிய கடிதம் உங்கள் கைக்கும் ஒரு நாள் வரும். வேலைக்காக வரலாம், படிப்புக்காக வரலாம். உங்களுக்கு நேரமிருக்காது, தொண்ணூற்று மூன்று கடிதங்கள் இருக்கும். எனக்கு அக்கறையில்லை. கடைசி வரி வரை படியுங்கள். படிக்க முடியாது என்றால் பேனாவைத் தொடாதீர்கள். அந்த நாற்காலியைவிட்டு எழுந்து, படிக்கக்கூடிய ஒருவருக்கு இடம் கொடுங்கள்.